கிரீடம் வைத்த தட்டுகள்

வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒரு கல்லூரிப் பிள்ளை வீடு தேடி வந்து, "பண்ட வழிபாடு என்றால் என்னம்மா, நீங்கள்தான் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்களாமே" என்று கேட்கிறது. எழுதியிருக்கிறேன், வாஸ்தவம். கதை, நாவல் எது கையில் கிடைத்தாலும், அதில் வரும் நாற்காலியும் கடிகாரமும் பட்டுப்புடவையும் யார் கையிலிருந்து வந்தன, எழுதியவர் ஏன் அந்தக் கையை மட்டும் காணாமல் அடித்துவிட்டார் என்று கேட்பதுதான் என் விமரிசனம். மனுஷர் செய்த சரக்கு, செய்த மனுஷரை மறைத்துவிட்டுத் தானாகவே ஒரு மகிமையோடு நிற்கிறது. நாமும் அதைக் கும்பிடுகிறோம். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு பெயர் வைத்துப் பரீட்சைக் கேள்வியாகவும் ஆக்கிவிட்டார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பிள்ளைகள் எழுதிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. எனக்கு இது எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. என் தங்கையின் கல்யாணத்தில் வந்து சேர்ந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் நீளும், எனக்கும் அசதியாக இருக்கும் என்று இத்தனை வருஷம் விட்டுவிட்டேன்.

ராயபுரத்தில் கடலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒண்டுக்குடித்தனம். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய், கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். நான் மூத்தவள். எனக்கும் தங்கைக்கும் எட்டு வயது வித்தியாசம். அவளுக்கு நான்தான் அம்மா. தலை வாரியதும் நான், முதுகில் நாலு வைத்ததும் நான். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் ஒரு எனாமல் தட்டுக் கம்பெனியில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரும்புத் தகட்டைத் தட்டாக அழுத்துவார்கள். ஆசிட்டில் கழுவி, கண்ணாடி மாவு கரைத்த தொட்டியில் முக்கி, காய வைத்து உலையில் சுடுவார்கள். வெள்ளை வெளேரென்று வெளியே வரும். அதன் விளிம்பில் தூரிகையால் நீலக் கோடு இழுப்பதும், அடியில் மார்க்கு குத்துவதும் பெண்கள் வேலை. அதற்குப் பிறகு இன்னொரு முறை உலைக்குப் போகும். மார்க்கு இரண்டு இருந்தது. கம்பெனியின் சொந்த மார்க்கு ஒரு விளக்குப் படம். இன்னொன்று யானைக்கவுனியில் இருந்த ஒரு மொத்த வியாபாரி கொடுத்து வைத்திருந்தது. அதில் ஒரு கிரீடம், கிரீடத்துக்குக் கீழே எங்களில் ஒருத்திக்கும் படிக்கத் தெரியாத ஏதோ சீமை எழுத்து. காலையில் விளக்கு குத்துவேன், மத்தியானம் கிரீடம் குத்துவேன். அதே தொட்டி, அதே உலை, அதே நாங்கள். உலகச் சண்டைக்குப் பிறகு சீமைச் சரக்கு வரத்துக் குறைந்துபோய், ஜனங்கள் சீமைத் தட்டு, சீமைத் தட்டு என்று ஆலாய்ப் பறந்த காலம் அது. விளக்கு போட்டது சந்தைக்குப் போகும். கிரீடம் வைத்தது கண்ணாடி பீரோவுக்குப் போகும். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. சிரித்துவிட்டு அடுத்த தட்டை எடுப்போம்.

மார்க்கு குத்தும் பெண்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. மை தடித்துப்போன இடத்தில்தான் எனாமல் முதலில் புள்ளி விட்டுப் பெயரும், துருவும் அங்கேதான் ஏறும் என்போம். அதனால் சொந்த வீட்டுக்கு என்றால் மார்க்கு குத்தாத தட்டாகப் பார்த்து ஒதுக்குவோம். வேலை செய்கிற பெண் வீட்டில் கல்யாணம் என்றால் மேஸ்திரி ஒரு டஜன் தட்டு அடக்க விலைக்கு விடுவார். எங்கள் வரிசையில் உட்காரும் ஒவ்வொருத்தியும் அதில் ஒரு தட்டுக்குக் கோடு இழுத்துத் தருவாள். அது எங்கள் மொய். கோடு சுற்றி வந்து தன் வாலைத் தானே தொடும் இடத்தைப் பார்த்தால் யார் இழுத்தது என்று எங்களுக்குத் தெரியும். ஒருத்தி கோட்டைக் கொஞ்சம் ஏற்றி முடிப்பாள், ஒருத்தி அழுத்தி நிறுத்துவாள், இன்னொருத்திக்குக் கை நடுக்கம், அங்கே நீலம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

தங்கைக்கு வரன் வந்தது. வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். அவர்களும் எங்கள் ஜனம்தான், எங்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனால் எங்கள் தாத்தா காலத்திலேயே நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டதால் எங்கள் வாய் பட்டணத்து வாயாகிப் போயிற்று. அவர்கள் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, பேச்சில் ஊர் மணம் அப்படியே இருந்தது. பையன் நல்லவன், அதிகம் பேச மாட்டான். வீடு மாமியாரின் கையில் இருந்தது. அந்த அம்மாள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "சாமியாருக்கும் பெரியவங்களுக்கும் சோறு போட நல்ல எனாமல் தட்டு ஒரு டஜன் வச்சிருங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் வேறு எதைக் கேட்டிருந்தாலும் நான் திண்டாடியிருப்பேன். தட்டைக் கேட்டாளே, புண்ணியவதி!

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசைக்கு நடுவில் சாமியார் வாசிப்பார். மூன்றாவது ஓலை ஆகிவிட்டால் கல்யாணம் ஆன மாதிரிதான். நடுவில் நின்றுபோனால் பெண்ணிடம் ஏதோ கோளாறு என்று ஊரே பேசும். இரண்டாவது ஓலை ஆன பிறகு நானும் தங்கையும், கைத்தாங்கலாக நைனாவும் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு சீர் சாமான்களோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். கூடம் நிறைய அவர்கள் உறவுக்காரப் பெண்கள். வைக்கோலைப் பிரித்துத் தட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தேன். அப்படி ஒரு வெள்ளை. எனக்கே என் கண் பட்டுவிடும் போல இருந்தது.

அந்த அம்மாள் ஒரு தட்டை எடுத்தாள். மேல்பக்கம் பார்க்கவே இல்லை. நேராகக் குப்புறத் திருப்பினாள். அடுத்ததையும் திருப்பினாள்.

"ஏ, என்ன இது, மொட்டத் தட்டால்லா இருக்கு? மார்க்கு எங்க?"

"மார்க்கு இல்லாததுதாம்மா ஒசத்தி," என்றேன். "மார்க்கு குத்துற எடத்துலதான் மொதல்ல பேத்துக்கும். நானே பாத்துப் பொறுக்கினு வந்தேன். எங்க கம்பெனில செஞ்சது. நாங்களே கோடு இசுத்தது."

"நீ செஞ்சதா?" அவள் என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் நீலம். "அப்போ கழிச்சுப் போட்டதத் தூக்கியாந்திருக்க. நாங்க யாவாரம் பண்ணுதவுக. எங்களுக்குச் சரக்கு தெரியாதாக்கும்?"

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "கழிச்சது இல்லம்மா. இதே தட்டுலதான் கிரீடம் குத்தி அனுப்பறோம். அத்தத்தான் நீங்கள்லாம் சீமைத் தட்டுன்னு வாங்கிக்கினு கீறீங்க."

கூடமே சிரித்தது. ஒருத்தி சிரித்ததில் அவள் மடியிலிருந்த குழந்தை எழுந்துவிட்டது. "வெள்ளக்காரன் செய்யுத சாமானை இவ செய்வாளாம்லா!" என்று அந்த அம்மாள் உறவுக்காரர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். இப்போது சிரிப்பு இல்லை. "இங்க பாரு. சபையில வச்சு எங்கள எளக்காரம் பண்ணியாச்சு. வார ஞாயித்துக் கெழமைக்குள்ள கிரீடம் போட்ட தட்டு வரணும். இல்லன்னா மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லி நானே போயி சாமியாருகிட்டச் சொல்லிருவேன்."

தட்டுகளைத் திரும்ப வைக்கோலில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தோம். வழி முழுக்க நான் கத்திக்கொண்டே வந்தேன். ரிக்‌ஷாக்காரரே திரும்பித் திரும்பிப் பார்த்தார். நைனா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குமே இந்தப் பேஜாரு?" என்றார். "அது மார்க்கு வோணும்னுது. குத்திக் குட்த்துடு. நம்பளுக்கு இன்னா நோவுது?"

"நோவுது நைனா," என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேற்கொண்டு சண்டை போடத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் தங்கை அடுப்படியில் நின்றபடியே, "யக்கா, மூணாவது ஓல நின்னுபூட்ச்சின்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு கோயிலுக்குள்ள போவேன்?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன்.

மறுநாள் தங்கையையும் கூட்டிக்கொண்டு தட்டுகளைக் கம்பெனிக்குக் கொண்டு போனேன். மேஸ்திரி தட்டுகளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சுட்டு முட்ச்ச தட்டும்மா இது. இப்ப மார்க்கு குத்தி மறுக்கா உலைல உட்டா நீலம் ஓடிடும். நல்ல சாமான நாமளே கலீஜ் பண்ணப்போறோம், சொல்லிட்டேன்."

"ஓடட்டும்ணே," என்றேன்.

கிரீட முத்திரையை எடுத்து நானே குத்தினேன். ஒவ்வொரு தட்டையும் குப்புறப் போட்டு, மையில் தொட்டு, நடுவில் வைத்து அமுக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நடுக்கம் உள்ள அந்தக் கிழவி, "இன்னாமே, பாத்துப் பாத்து இசுத்துக் குட்த்தமே," என்று மட்டும் சொன்னாள். தங்கை உலைப் பக்கத்திலேயே, அனல் படாத தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தட்டுகள் வெளியே வந்தபோது மேஸ்திரி சொன்னது சரியாகத்தான் இருந்தது. நீலம் விளிம்பை விட்டு இறங்கி வெள்ளைக்குள் புகை மாதிரி கரைந்திருந்தது. எது யாருடைய கோடு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சூடு ஆறியதும் தங்கைதான் அவற்றைச் சாக்கில் அடுக்கி, இடுப்பில் வைத்துச் சுமந்து வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டு அம்மாள் இந்தத் தடவையும் குப்புறத்தான் திருப்பினாள். கிரீடத்தை விரலால் தடவினாள். முகம் அப்படியே மலர்ந்தது. பிறகுதான் மேல்பக்கம் பார்த்தாள்.

"பாத்தியளா, இதுதான் சீமை. இந்த நீலத்தப் பாருங்க, எப்படிக் கரஞ்சு எறங்குது! நம்ம ஊரு ஆளுகளுக்கு இந்த வேல வருமா?"

உறவுக்காரிகள் ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி வாங்கிப் பார்த்தார்கள். நாங்கள் கெடுத்து வைத்திருந்த இடத்தைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். கல்யாணமும் நடந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கழித்துத்தான் நான் ஒரு வகுப்புக்குப் போனேன். காலடிப்பேட்டையில் எங்கள் தொழிற்சங்கத்துக்கு ஒரு அறை இருந்தது. ஞாயிறு மத்தியானங்களில் பட்டணத்திலிருந்து ஒரு தோழர் வந்து பாடம் எடுப்பார். பத்திரிகைகளில் கதை விமரிசனம் எழுதுகிறவர். அன்றைக்கு ஒரு தொடர்கதையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் வரும் பணக்காரர் வீட்டு வர்ணனையை வாசித்தார். கண்ணாடி விளக்கு, கம்பளம், வெள்ளித் தட்டு. "இந்த விளக்கை யார் செய்தது? கதை அதைச் சொல்கிறதா? விளக்கு என்னவோ தானாகவே பிறந்து, தானாகவே ஜொலிக்கிற மாதிரி எழுதியிருக்கிறது பாருங்கள். இதற்குப் பெயர்தான் பண்ட வழிபாடு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. நான் ஏதோ என் வீட்டு வம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது உலகத்து விஷயமாக இருந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் எழுந்து நின்று தட்டுக் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், தோழரும்தான். "இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. செய்தது யார் என்று ஜனங்களுக்குத் தெரியாதவரைதான் இந்த மாயை. தெரிந்துவிட்டால் கலைந்துபோகும்" என்றார்.

இரண்டு மூன்று மாதத்தில் அவருடைய கட்டுரை ஒன்று பத்திரிகையில் வந்தது. சங்கத்து ஆள் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். என் தட்டுகள் அதில் இருந்தன. "வடசென்னையில் ஒரு தொழிலாளிப் பெண்" என்று நானும் இருந்தேன். அந்தப் பெண் மாமியார் காலில் விழுந்து கதறுகிறாள். கடைசியில் முஷ்டியை உயர்த்துகிறாள். நான் எங்கே கதறினேன்? யாரிடம் முஷ்டியைக் காட்டினேன்? காப்பி குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். கிழவி இல்லை, மேஸ்திரி இல்லை, ஓடிப்போன நீலம் இல்லை. கட்டுரைக்கு அடியில் அவர் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே கிடையாது. நான் பேனாவைத் தொட்டதே அந்த எரிச்சலில்தான். அது தவிர எந்த இலக்கிய தாகமும் எனக்கு இருக்கவில்லை என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஆனாலும் அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டிருந்தேன். தெரிந்துவிட்டால் கலைந்துபோகும் என்றாரே, அது. அந்த நம்பிக்கையில்தான் முதலில் எழுதியதெல்லாம் எழுதினேன். அதுவும் போன கதையைச் சொல்கிறேன்.

தங்கைக்கு ஒரு பெண் பிறந்தது. குழந்தை ஓடியாட ஆரம்பித்திருந்த சமயம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து அப்படியே அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள், மாப்பிள்ளை கடையில். வீட்டில் தங்கையும் குழந்தையும் மட்டும்தான். தட்டுகளை அலமாரியில் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். கல்யாணத்தன்று ஒரு முறை, பெரிய சாமியார் வந்தபோது ஒரு முறை, அவ்வளவுதான் அவற்றில் சோறு போட்டிருக்கிறார்கள் என்று தங்கை ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மற்றபடி வீட்டில் எல்லோருக்கும் அலுமினியத் தட்டுதான். நான் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் எனக்குச் சோறு போடப் போனாள். அவள் திரும்புவதற்குள் குழந்தை அலமாரியை எட்டி ஒரு தட்டை இழுத்துவிட்டது. தட்டு தரையில் விழுந்து சுழன்று நின்றது. விளிம்பில் நகம் அளவுக்கு எனாமல் பெயர்ந்து கறுப்பு இரும்பு தெரிந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

தங்கை ஓடிவந்தாள். தட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு திரும்பிக் குழந்தையை ஓங்கி அறைந்தாள். அந்த அறையை நான் எதிர்பார்க்கவே இல்லை. நான் அவளை அடித்து வளர்த்தவள்தான், ஆனால் அந்த மாதிரி அடித்தது கிடையாது.

"அடிப்பாவி, கொழந்தடி!" என்று எழுந்தேன். "மாமியாருக்குப் பயந்துக்கினு இத்தப் போட்டு அடிக்கிறியே. உட்டுத் தள்ளு. நாளைக்கே ஒண்ணு செஞ்சி எட்த்தாறேன். கிரீடமும் நானே குத்திக் குடுக்கறேன், போதுமா?"

அவள் தட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. குழந்தையை அடித்ததற்காக அல்ல என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"உன்னால இன்னாக்கா முடியும்?" என்றாள். "இது சீமைத் தட்டு. இந்த மாதிரி உங்க கம்பெனில வராது."

முதலில் கேலி பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. மாமியார் காதில் விழட்டும் என்று சொன்னாள் என்றால் வீட்டில் மாமியார் இல்லை. உலை வாசலில் நின்று பார்த்து, சூடு ஆறக் காத்திருந்து, சாக்கில் அடுக்கிச் சுமந்து வந்தவள் அவள். அவளுக்குத் தெரியாத விஷயம் அதில் ஒன்றுமே இல்லை. எல்லாம் தெரியும். தெரிந்தும், அந்தத் தட்டுக்கு முன்னால் என் கை அவளுக்கு மட்டமாகத்தான் இருந்தது. "ஏண்டி, நீதானடி கூட வந்தே?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டு என்ன பிரயோஜனம்? ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு மறுபடியும் துடைத்திருப்பாள்.

அன்றிலிருந்து, தெரிந்துவிட்டால் கலைந்துபோகும் என்று நான் எங்கேயும் எழுதியதில்லை. யாராவது எழுதினால் சண்டைக்கும் போவதில்லை, படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறேன்.

அவள் தட்டைப் பழையபடி அலமாரியில் வைத்து, பெயர்ந்த இடம் வெளியே தெரியாதபடி திருப்பிச் சாத்தினாள். குழந்தை மூச்சு விடாமல் விம்மிக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அதன் கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது.